காவலுக்கு ஒரு பெரிய சட்டை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நான் படித்தது வேதியியல். ஆனால் மிக்ஸி ஓடாவிட்டாலும், யாருக்காவது முட்டி வலித்தாலும், பக்கத்து வீட்டோடு எல்லைத் தகராறு வந்தாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். எந்த மிக்ஸியையும் நான் இதுவரை சரிசெய்ததில்லை. இருந்தும் யாரும் நம்பிக்கையை விடவில்லை.

அதனால் பெரியம்மா போன் செய்து, "திருடன் வராம இருக்க என்னடி பண்ணணும்? நீ படிச்ச புள்ளதானே?" என்று கேட்டபோது எனக்கு வியப்பில்லை.

பெரியம்மாவுக்கு எதிர்வீடு மருந்துக்கடைக்காரருடையது. பட்டப்பகலில் திருடர்கள் புகுந்து டி.வி.யையும் காஸ் சிலிண்டரையும் தூக்கிப் போயிருந்தார்கள். இத்தனைக்கும் முன்கதவில் வெளிநாட்டுப் பூட்டு. வருகிறவர்களுக்கெல்லாம் அதை விளக்கிக் காட்டித்தான் தண்ணீரே கொடுப்பார். திருடர்கள் அதன்மேல் கைகூட வைக்கவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக வந்து அதே வழியாகப் போய்விட்டார்கள். பூட்டு இன்றுவரை நலமாக இருக்கிறது.

பெரியம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. ஊரிலுள்ள நோயெல்லாம் ஒட்டிய படுக்கை விரிப்புகளை வெள்ளை வெளேரென்று ஆக்கி மடித்து அனுப்புகிற வேலை. தெருக்கோடியில் இருக்கும் இரண்டு அறை வீடு அந்தச் சம்பளத்தில் கட்டியது. பெரியப்பா போன பிறகு அதில் அவர் மட்டும்தான். திருட அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பெரியம்மாவின் பயம் திருடனைப் பற்றியதல்ல. மகனைப் பற்றியது.

அந்த மகன், எனக்கு அண்ணன், சிமெண்ட் கிடங்கில் மேற்பார்வையாளர். அம்மா தனியாக இருப்பது ஆபத்து என்று அவருக்கு ரொம்ப நாளாகத் தோன்றவில்லை. அவர் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்த காப்பகத்தை மூடிவிட்டார்கள். அந்த வாரமே தோன்றிவிட்டது. பாசத்துக்கும் ஒரு தருணம் வரவேண்டும் அல்லவா? வீட்டை விற்றுவிட்டு அம்மா அவர்களோடு வந்துவிடவேண்டும். அம்மாவுக்கு இடமும் பார்த்து வைத்திருந்தார்கள்: பின்பக்க நடையில், வாஷிங் மெஷின் பக்கத்தில்.

"உனக்குத்தான் மெஷின் சத்தம் பழக்கமாச்சேம்மா" என்றாராம்.

பெரியம்மா பிடிகொடுக்கவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. "சரி, இரு. ஆனா இந்த வீட்ல ஒரு ஜன்னல் உடைஞ்சாலும் அன்னைக்கே மூட்டை கட்டிடணும்." மற்றவர்கள் வீட்டில் திருடன் வந்தால் பொருள் போகும். பெரியம்மா வீட்டில் வந்தால் வீடே போகும்.

நான் இணையத்தில் தேடினேன். நான்கு மூலையிலும் கேமரா வை, யாராவது வந்தால் போனுக்குப் படம் வரும் என்றது. பெரியம்மாவின் போனை இரண்டு தட்டுத் தட்டினால்தான் எதிராளி பேசுவதே கேட்கும். எனவே கைக்கெட்டுகிற வழிகளுக்கு இறங்கினோம். தாழ்ப்பாள் தகட்டைப் பிடித்திருந்த குட்டை ஸ்குரூவெல்லாம் ஓர் உதைக்குத் தாங்காது. கட்டைக்குள் ஆழமாக இறங்குகிற நீள ஸ்குரூ வாங்கினேன். நகர்த்தித் திறக்கிற ஜன்னல் ஓடுகிற பள்ளத்தில் துடைப்பக்கட்டையை வெட்டிப் போட்டோம். வெளியிலிருந்து நகர்த்தினால் நகராது. ஜன்னலை மறைத்து ஆள் ஒளிய வசதியாக வளர்ந்திருந்த செடியைக் கழித்தோம். பூந்தொட்டிக்கு அடியிலிருந்த சாவியை எடுத்தோம். அந்த ரகசிய இடம் தபால்காரர், பால்காரர் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நாய் ஜாக்கிரதைன்னு ஒரு போர்டு மாட்டலாமா பெரியம்மா?"

"நாய் எங்கன்னு கேட்டா நான் குரைக்கவா?"

"திருடன் கேக்க மாட்டான்."

"திருடன் கேக்க மாட்டான்டி. தெரு கேக்கும்." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாயெல்லாம் வேணாம். ஆம்பளை ஒருத்தன் இருந்தா எவனும் கிட்ட வரமாட்டான்."

"ஆம்பளைக்கு எங்க போறது?"

"இருக்கிறவனுக்குத்தான் சோறு போடணும், பேச்சு கேக்கணும். இல்லாதவனை வச்சுக்கிறதுல செலவே இல்ல."

பெரியப்பாவின் சட்டைகள் பெட்டியில் இருந்தன. ஆனால் அவர் ஒல்லி. காற்றடித்தால் கொடியில் துணியோடு சேர்த்து அவருக்கும் ஒரு கிளிப் மாட்டலாம். "இந்தச் சட்டையைப் பாத்துத் திருடன் பயப்படுவானா? பரிதாபப்பட்டு ஏதாவது வச்சுட்டுப் போவான்" என்று பெரியம்மா பெட்டியை மூடிவிட்டார். பழந்துணிக் கடைக்குப் போய், கொடியில் தொங்கவிட இருப்பதிலேயே பெரிய சட்டை ஒன்றை எடுத்துவந்தார். அதற்குள் பெரியப்பா குடும்பத்தோடு குடியிருக்கலாம். வாசலில் விட, படகு மாதிரி ஒரு ஜோடி ஷூ. வேலைக்குக் கிளம்பும்போது உள்ளே திரும்பி, "வரேங்க, கதவைச் சாத்திக்கோங்க" என்று ஒரு குரல்.

இதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. ஆனால் சலவைக்காரர் கையில் சட்டை சும்மா இருக்குமா? தினமும் துவைத்தார். கஞ்சி போட்டார். இஸ்திரி போட்டார். ஒரே சட்டையை மாட்டினால் ஆள் பிச்சைக்காரன் என்று திருடன் நினைத்துவிடுவானாம். இன்னும் இரண்டு வாங்கினார். மாதக்கணக்கில் கொடியில் மட்டுமே வாழ்ந்த அந்தச் சட்டைகள் அளவுக்குப் பளிச்சென்று உடுத்தின ஆம்பளை அந்தத் தெருவிலேயே இல்லை.

திருடர்கள் கவனித்தார்களோ என்னவோ, மருந்துக்கடைக்காரர் மனைவி கவனித்தார். டி.வி. போன பிறகு அவருக்குப் பார்க்க வேறென்ன இருந்தது? பெரியப்பாவின் சட்டையே தொங்கியிருந்தால், பாவம், நினைவாக வைத்திருக்கிறாள் என்று கண்ணீர் விட்டிருப்பார். இது பெரியப்பாவைப்போல் மூன்று மடங்கு. அதுவும் கஞ்சி போட்டு, காலர் விறைப்பாக. கட்டின புருஷனுக்குக்கூட இப்படித் தேய்த்ததில்லையே என்று தெருவில் பேச்சு எழுந்து, கிடங்கு வரை போய் அண்ணன் காதில் விழுந்தது.

விடுமுறை நாள் காலை. நான் பின்கதவுக்கு ஸ்குரூ முறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணனும் அண்ணியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். அண்ணன் வாசலில் கிடந்த ஷூவைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"யாரோடதும்மா இது?"

பெரியம்மா பதில் சொல்லுமுன்பே அவர் உள்ளே போய்விட்டார். குளியலறைக் கதவைத் திறந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். அலமாரியைத் திறந்து புடவைகளை ஒதுக்கிப் பார்த்தார். இத்தனை ஸ்குரூ, இத்தனை கட்டை போட்டும் அந்த வீட்டை மூலை முடுக்கு விடாமல் துழாவிய ஒரே ஆள், பெற்ற பிள்ளைதான். அவருக்கு ஜன்னல் தேவைப்படவில்லை.

அண்ணி கொடியருகே நின்று சட்டைக் காலரை இரு விரலால் பிடித்தார். "கஞ்சி போட்டிருக்குங்க" என்றார், ரத்தக் கறையைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

"ஏய், படிச்சவளே, நீ சொல்லு. யார் வந்துபோறது?"

"அண்ணா, அது சும்மா..."

"சும்மாவா? சும்மா இருக்கிற ஆளுக்கு மூணு சட்டையா?"

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து குரலைத் தணித்தார். கிடங்கில் கணக்கு இடிக்கும்போது இப்படித்தான் பேசுவார் போலிருக்கிறது.

"ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. ஒண்ணு, இங்க ஒரு ஆள் இருக்கான். இல்லேன்னா, நீ தனியா இருக்கே. தனியாத்தான் இருக்கேன்னா, ஆள் இருக்கிற மாதிரி ஜோடிக்கிற அளவுக்கு உனக்கே பயமிருக்குன்னு அர்த்தம். இன்னைக்கே கிளம்பு. வண்டி கொண்டுவந்திருக்கேன்."

வாயில் வந்த உண்மையை நான் விழுங்கினேன். உண்மை பேசு என்று எங்கள் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். பேசினால் யார் வாஷிங் மெஷின் பக்கத்தில் படுக்கவேண்டி வரும் என்று எழுதியிருக்காது. இது பெரியம்மா சொல்லவேண்டிய பதில் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது நியாயமா, கோழைத்தனமா என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை.

"இருக்கார்" என்றார் பெரியம்மா.

அண்ணன் கட்டிலிலிருந்து எழுந்தேவிட்டார், அந்த ஆள்மேலேயே உட்கார்ந்துவிட்டதுபோல.

"எங்க?" என்றார் அண்ணி.

"வேலைக்குப் போயிருக்கார்."

"என்ன வேலை, அத்தை?"

பெரியம்மா கொடியைப் பார்த்தார். "வாட்ச்மேன்."

எனக்கு வந்த சிரிப்பை ஸ்குரூ டிரைவரைக் கடித்து அடக்கினேன். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. "பிள்ளைங்க இருக்கிற வீடுங்க நம்மளது. நாளைக்கு அந்த ஆளு இவங்களைத் தேடி அங்கேயும் வந்து நின்னா? நான் அக்கம்பக்கத்துல தலை காட்ட வேணாமா?" அம்மாவின் உயிருக்கிருந்த ஆபத்து அந்த நிமிடமே மறைந்துவிட்டது. "இவங்க இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

அண்ணனும் போனார். ஆனால் வண்டிவரை போனவர் திரும்பி வந்தார். வாசற்படியில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் கேட்டார்.

"அம்மா... அந்த ஆளு உன்னை நல்லா வச்சிருக்காரா?"

"ம்."

"குடிச்சுட்டு வந்து கை நீட்ட மாட்டாரே?"

பெரியம்மா முகம் மாறியது. எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். சொல்லவில்லை.

"தொந்தரவே இல்லாத மனுஷன்டா" என்றார்.

அண்ணன் தலையாட்டினார். "ஏதாவதுன்னா போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி மறையும்வரை பெரியம்மா வாசலிலேயே நின்றார். ஏதாவது கேலியாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். நானே ஆரம்பித்தேன்: "அண்ணனுக்கு உங்க மேல இவ்வளவு அக்கறையா? இல்லாத ஆளுக்கே இப்படி விசாரிக்கிறார்!"

"அதான் பாக்குறேன்" என்றார் பெரியம்மா. "எவ்வளவு அழகா கேக்குறான். உங்க பெரியப்பா உயிரோட இருந்தப்ப இதை ஒருநாளும் கேட்டதில்லடி. பக்கத்து ரூம்லதான் படுத்திருப்பான்."

ஒல்லியான பெரியப்பாவைப் பற்றி நாங்கள் அடித்த ஜோக்கெல்லாம் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது. அவற்றில் பாதி பெரியம்மாவே எடுத்துக்கொடுத்தவை.

"சொல்லவே இல்லையே, பெரியம்மா."

"யார்கிட்ட சொல்றது? திருடன் வெளியிலேருந்து வருவான்னுதானே எல்லாரும் நினைக்கிறீங்க?" என்றார். பிறகு, மதிய ஷிப்டுக்கு நேரமாகிறது என்று தலை வாரப் போனார்.