முப்பத்தெட்டு விநாடிக்காரி

தங்கமாரிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது என்று ஹாஸ்டல் முழுக்கப் பேச்சு. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வாங்கினால் நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தாலும் இரண்டு ஸ்டாப்புக்கு ஒருமுறை இடம் மாறுவாள். இது பிறவிக் குணம் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் வந்து இறங்கியபோது நன்றாக உட்காரத் தெரிந்த பெண்தான். கம்பெனி கெடுத்தது.

கார் ஹெட்லைட்டின் முன்மூடி முப்பத்தெட்டு விநாடிக்கு ஒன்று அவள் மேஜைக்கு வரும். விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் கீறல், குமிழி, பிசிறு பார்க்க வேண்டும். குறை இருந்தால் சிவப்புத் தொட்டி; அதற்கு அங்கே என்.ஜி. என்று பெயர். சரியாக இருந்தால் ஓரத்தில் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து ஓகே தட்டில் போட வேண்டும். மேஜைக்கு ஒரு நிறம். வாங்கிய இடத்திலிருந்து பீஸ் திரும்பி வந்தால், புள்ளியின் நிறத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள். இரண்டே முக்கால் வருஷத்தில் பச்சைப் புள்ளி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நோட்டீஸ் போர்டில் அவள் படத்தை மூன்று முறை ஒட்டினார்கள்.

ஒட்டி என்ன பயன்? டிரெயினி என்றால் மூன்று வருஷம். முடிந்ததும் ஒரு சுவர்க்கடிகாரத்தையும் சர்ட்டிஃபிகேட்டையும் கொடுத்து வாசலைக் காட்டுவார்கள். அவளுக்கு முன் வந்த முத்துச்செல்வி அப்படி வெளியே போய், ரோட்டுக்கு எதிர்ப்பக்கக் கம்பெனியில் மறுபடி டிரெயினியாகச் சேர்ந்து, அதே மாதிரி மேஜை முன்னால் நிற்கிறாள். தங்கமாரிக்குப் பயம் அதுதான். ஆயுசுக்கும் அடுத்தவர் செய்ததையே திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பதா? தன் கையால் ஒன்று செய்ய வேண்டும். மிச்சமிருந்தது மூன்று மாதம்.

ஹாஸ்டல் காவேரியுடையது. இந்த ஊர்க்காரி. மாடியில் நாற்பது பெண்கள், கீழே ஏழு கம்ப்யூட்டர் வைத்த பிரவுசிங் சென்டர். அங்கேதான் தங்கமாரி ஒருநாள் ஏதோ வேலைக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தாள். அனுப்பும் பொத்தானை விளம்பரம் மறைத்துக்கொண்டிருந்தது. ‘இதையெல்லாம் யார் ஓகே பண்ணி விட்டது?’ என்று கோபம் வந்தது. இந்தப் பக்கங்களை எப்படித்தான் செய்கிறார்கள் என்று தேடப் போனவள் அதிலேயே விழுந்துவிட்டாள்.

அது 2011. தேடினால் கொட்டிக் கிடந்தது. டபிள்யூ த்ரீ ஸ்கூல்ஸ் என்ற தளத்தில் இடப்பக்கம் பாடம். பெட்டிக்குள் நாமே எழுதி ஒரு தட்டுத் தட்டினால் எழுத்து சிவப்பாகும், பெரிதாகும். ஒரு நிறத்தைக் கொடுத்தால் அதற்கு ஒத்துப்போகிற நாலு நிறத்தை எடுத்துத் தரும் தளம் ஒன்று. இலவச எழுத்துருக்களுக்கு இன்னொன்று. எந்தப் பக்கத்திலும் ரைட் கிளிக் பண்ணினால் அதன் உள் தையல் முழுக்கத் தெரியும் என்று அறிந்த அன்று அவள் இரவுச் சாப்பாட்டையே மறந்தாள். எல்லாவற்றிலும் அவளை ஆட்டி வைத்தது ஒரு தளம்தான். அதில் ஒரே வாசகம், ஒரு எழுத்து மாறாது. ஆனால் ஊர் உலகத்து ஆட்கள் ஆளுக்கொரு விதமாக அதற்கு உடுத்திவிட்டிருந்தார்கள். ஒரே பெண்ணுக்கு நூறு சேலை. லைனில் நூறும் ஒன்றுபோல இருந்தால்தான் ஓகே. இங்கே ஒன்றுபோல இருந்தால் என்.ஜி.

அங்கேயே நின்றிருந்தால் பிழைத்திருப்பாள். நல்ல தளங்களை நாள்தோறும் பொறுக்கி வரிசையாக அடுக்கிக் காட்டும் கேலரிகள் இருக்கின்றனவே, அவை கண்ணில் பட்டன. ஒன்றைத் திறப்பாள். கண் தானாக நாலு மூலையையும் சுற்றும். ஓகே, அல்லது என்.ஜி. அடுத்தது. பக்கத்துக்கு முப்பத்தெட்டு விநாடி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாடம் படிக்க உட்கார்ந்தாலும் அரை நிமிஷத்தில் கை அடுத்த பீஸுக்கு நீளும். இரண்டு மாதத்தில் மூவாயிரம் தளம் பார்த்திருப்பாள். சொந்தமாகச் செய்தது ஒன்றுமில்லை. அந்த எண்ணம் அவளை மாடியில் படுக்க விடவில்லை, கீழே உட்காரவும் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, குன்றத்தூரில் வெப் டிசைன் கடை வைத்திருக்கும் தாண்டவராயன் வந்தார். ஹாஸ்டலுக்கு ஒரு வெப்சைட் போடலாமே என்று காவேரியை மடக்கத்தான் வந்திருந்தார். ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தான் செய்ததைத் திறந்து காட்டினார். பக்கத்து சிஸ்டத்திலிருந்து தங்கமாரி எட்டிப் பார்த்தாள். வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, ரெண்டாவது பெட்டி கொஞ்சம் எறங்கி நிக்கி. மேல உள்ள நீலம் வேற, கீழ உள்ள நீலம் வேற. போட்டோவ இழுத்துப் பெருசாக்கிருக்கீங்க, மாப்பிள்ள மூஞ்சி அகண்டு போச்சு. போன் நம்பர்ல ஒரு எண்ணு கொறையுது."

தாண்டவராயன் எண்ணிப் பார்த்தார். ஒன்பதுதான் இருந்தது.

"இன்னாமா நீ, ஸ்கேனரா?" என்றார். "நம்ம கடைக்கு வந்துடு. பசங்க செய்றத நீ செக் பண்ணு. ஒரு சேர் காலியாத்தான் கீது."

வேறு எவளாவது துள்ளிக் குதித்திருப்பாள். தங்கமாரிக்கு முகம் சுண்டிப்போனது. இங்கேயும் அதே மேஜைதானா?

"செக்கிங் வேண்டாம்ணே. நான் செய்யணும்."

"செஞ்சது எதுனா காட்டு."

காட்ட என்ன இருக்கிறது? தாண்டவராயன் மோசமான ஆள் இல்லை. "அடுத்த சனிக்கெழம வரேன். இந்த ஹாஸ்டலுக்கே ஒரு பக்கம் போட்டு வை. நல்லா இருந்தா டிசைனரா வா. இல்லாங்காட்டி செக்கிங் சேர்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு நாளில் நாலு நாள் கேலரியிலேயே போயிற்று. ஒரு ஐடியா எடுத்துக்கொள்ளலாம் என்று திறப்பாள். ஆறு மணிக்கு நிமிர்ந்தால் நூறு தளம் போயிருக்கும். தான் வைத்த தலைப்பைப் பார்ப்பாள், என்.ஜி. என்று அழிப்பாள். வியாழக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேராகக் காவேரியிடம் போனாள்.

"யக்கா, நாலாம் நம்பர் சிஸ்டத்து நெட்ட புடுங்கி விட்டுருங்க."

"நெட்டு இல்லாம பிரவுசிங் சென்டர்ல குந்திகினு இன்னாடி பண்ணப் போற?"

"நெட்டு இருந்தா ஒண்ணும் பண்ண மாட்டேன்க்கா."

காவேரி சிரித்துக்கொண்டே ஒயரைப் பிடுங்கினாள். முதல் அரைமணி தங்கமாரி பட்ட பாடு கொஞ்சமில்லை. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், வாசலில் போகிற கன்டெய்னர் லாரிகளை எண்ணினாள். திரும்பி வந்தால் அதே வெள்ளைத் திரை. அடுத்த பீஸ் வரவே இல்லை. வேறு வழியில்லாமல் அந்த ஒன்றையே பார்த்தாள். மொட்டை மாடியில் காயும் நாற்பது யூனிஃபார்ம்களைத் தன் போனில் எடுத்த படத்தை மேலே வைத்தாள். கீழே மூன்று பெட்டி: ரூம், சாப்பாடு, கம்பெனி பஸ் எங்கே நிற்கும். வெள்ளிக்கிழமையும் ஒயர் இல்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பக்கம் முடிந்தது. ஏழாம் நம்பர் சிஸ்டத்தில் பழைய எக்ஸ்ப்ளோரர் பிரவுசர் கிடந்தது. அதில் போட்டுப் பார்த்தாள். முதல் பெட்டிக்கு அப்பால் நூலிழை போல மூன்று பிக்சல் இடைவெளி. மாற்றினாள், போகவில்லை. மறுபடி மாற்றினாள், மற்ற சிஸ்டங்களில் எல்லாம் கோணியது. மணி நாலு. மொத்தத்தையும் அழித்துவிடலாம் என்று விரல் போனது. வாசலில் தாண்டவராயனின் பைக் வந்து நின்றது.

அவள் பழையபடி வைத்தாள். பக்கத்தின் அடியில், வலது மூலையில், ஒன்றைச் சேர்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

தாண்டவராயன் உட்கார்ந்தார். மவுஸைக் கையில் எடுத்தார். தங்கமாரியின் உடம்பு எண்ணியது. முப்பத்தெட்டு முடிந்தது. அவர் அடுத்ததற்குப் போகவில்லை. கீழே போனார், மேலே வந்தார், யூனிஃபார்ம் படத்திலேயே நின்றார். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். அவள் கையால் ஆன ஒன்றை இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.

"எதுனா தப்பு கீதா இதுல?" என்றார்.

"இருக்குண்ணே. பழைய எக்ஸ்ப்ளோரர்ல மூணு பிக்சல் தள்ளி நிக்கி."

"தெரிஞ்சும் வுட்டுட்டியா?"

"ஆமா."

அவர் திரைக்குக் குனிந்தார். "இது இன்னா, மூலைல ஒரு பச்சப் புள்ளி? தெரியாம வந்துச்சா? ஒண்ணாந்தேதி டிசைனரா கடைக்கு வந்து எடுத்துடு."

"வாரேன்ணே," என்றாள் தங்கமாரி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அத எடுக்க மாட்டேன். நான் வச்சது."