கிழக்கு முனை

பிரான்சில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில், இங்கிலீஷ் டீச்சருக்கு உதவியாளாக என்னை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளோடு இங்கிலீஷில் பேச்சுக் கொடுப்பதுதான் வேலை. பேசுவதற்குச் சம்பளமா என்று அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. மரக்காணத்தில் குத்தகைக்கு எடுத்த சின்ன உப்பளம் எங்களுடையது. அப்பா இறந்த பிறகு அதை அம்மாவும் நானும்தான் பார்த்துக்கொண்டோம். விடியும் முன் உப்பு வாரிவிட்டு, பொம்மையார்பாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி, புதுச்சேரியில் காலேஜ் படித்தவள் நான்.

அந்த ஊரில் குளிரைவிட விடியல்தான் என்னைப் படுத்தியது. எட்டு மணிக்கும் இருட்டு. நாலு மணிக்கே விழித்துக்கொள்ளும் உடம்பை என்ன செய்வது? பள்ளி கேட் திறப்பதற்கு வெகு முன்னாலேயே போய் நிற்பேன். சாவி வைத்திருந்த அம்மாள் முதலில் என்னைப் பார்த்துப் பயந்தார், பிறகு சிரித்தார், அப்புறம் உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அதில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அழுகை வந்தது. காபிக்காக இல்லை என்பது எனக்கே தெரியும்.

ஒருநாள் பாதி வகுப்பை என்னிடம் விட்டுவிட்டு, மீதியோடு டீச்சர் பக்கத்து அறைக்குப் போயிருந்தார். பழங்களின் பெயர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கூரைமேல் சடசடவென்று சத்தம். "மழை!" என்று தமிழில் கத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன்.

எங்கள் பக்கம் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வாரிய உப்பு வரப்போரம் குவியலாகக் கிடக்கும். மழை பட்டால் கரைந்து போய்விடும். அதனால் முதல் தூறலைக் கேட்டவர் கத்த வேண்டும், மற்றவர் சோற்றுக் கையோடு ஓட வேண்டும். தார்ப்பாயை இழுத்து மூட ரெண்டு பேர் வேண்டும். கடல்பக்கமிருந்து காற்று அடிக்கும் என்பதால் கிழக்கு முனையை முதலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது என் முனை. மேற்கு முனை அம்மாவுடையது.

பள்ளி மைதானத்தின் நடுவில் நனைந்துகொண்டு நின்றபோதுதான், அங்கே மூடுவதற்கு ஒன்றும் இல்லை என்று உறைத்தது. திரும்பினால் ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் முகம். டீச்சர் சிரிக்கவில்லை. பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு ஓடலாமா, இன்னொரு தடவை நடந்தால் மேலே சொல்ல வேண்டியிருக்கும் என்றார். ஆனால் நியாயமானவர். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு, பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவிடு என்றார்.

அடுத்த வகுப்பில் சொன்னேன். போர்டில் உப்புக் குவியல் வரைந்து, ரெண்டு முனையிலும் ரெண்டு பொம்மை போட்டேன். இது அம்மா, இது நான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி கை தூக்கி, கிழக்கு முனைப் பொம்மையைக் காட்டி, திக்கித் திணறி இங்கிலீஷில் கேட்டாள்.

"நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். இப்போது அங்கே யார் பிடிக்கிறார்கள்?"

நல்லவேளையாக மணி அடித்தது. ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் அம்மா என்னை அனுப்பினாள். போட்டாயா என்று கேட்டபோதெல்லாம் "பாத்துக்கலாம்டி" என்றுதான் பதில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினேன்.

"மழை புடிச்சிக்கிச்சுடி. மூடறதுக்குள்ள பாதி போயிடுச்சு" என்றாள். சீசன் முடிவில் விற்பதற்குச் சேர்த்து வைத்த உப்பு அது.

"ஆள் போடலியாம்மா?"

"மழைன்னா யாரு வர்றா? அவங்கவங்க உப்ப அவங்கவங்க பாக்கணும் இல்ல." கொஞ்சம் சிரித்தாள். "நான் பாரு, உன் பேரச் சொல்லி, கெழக்கு முனையப் புடிடின்னு கத்தறேன். கத்திட்டு இந்தப் பக்கமே நிக்கிறேன், நீ புடிச்சிக்குவன்னு. காத்து பாயத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

நான் உடைந்து அழுதேன். "வந்துடறேம்மா" என்றேன். டிக்கெட்டுகூடப் பார்த்து வைத்திருந்தேன். வழக்கமாக உடனே அதட்டுகிறவள் அன்று அதட்டவில்லை. அவளும் அழுகிறாள் என்று மூச்சில் தெரிந்தது. அதைத் தாங்க முடியாமல், மைதானத்துக்கு ஓடியதையும் சிறுமி கேட்டதையும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"பாவம், கொழந்த அதையே நெனச்சிக்கிட்டு இருக்கப்போவுது. அம்மா மூடிட்டாங்கன்னு சொல்லிடு. நாளைக்குப் போயி மொதல்ல அத சொல்லு."

மறுநாள் போனேன். சிறுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா மூடிவிட்டார்கள்" என்றேன்.

"தனியாகவா?"

"தனியாகத்தான்."

அவள் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். நான் பழங்களின் பெயரை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.