நர்சம்மாவுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

"வை கீழ" என்பார் ஞானபாக்கியம் அம்மாள். வாசலில் செம்பை உயரத் தூக்கிக்கொண்டு தலையில் ஊற்ற வருகிற பெண் அப்படியே நின்றுவிடுவாள். செம்பைத் தரையில் வைத்தாக வேண்டும். வைத்ததும் அம்மாள் அதைத் தானே எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொள்வார். அவர் தொட்ட செம்பை அப்புறம் புளி போட்டுத் தேய்த்துத்தான் வீட்டுக்குள் எடுப்பார்கள். அது தெரிந்தேதான் தொடுவார். தண்ணீர் முகத்தில் வழியும்போதும் கண்ணை மூடமாட்டார். எதிரே நிற்கிறவளை முறைத்துக்கொண்டே இருப்பார். பிறகு ணங்கென்று செம்பை வைத்துவிட்டு, சேலை சொட்டச் சொட்டத் தம் தோல்பையோடு உள்ளே போவார். உள்ளே ஒருத்தி பிரசவ வலியில் கத்திக்கொண்டிருப்பாள்.

எங்கள் ஊர் வேப்பனப்பள்ளியிலிருந்து நடை தூரம். பெயரைச் சொல்லமாட்டேன். நான் இன்னும் அங்கேதான் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ள வேண்டும். ஊருக்குத் தாய்சேய் நல விடுதி என்று ஓர் ஓட்டு அறையும், அதற்கு நர்சாக இந்த அம்மாளும் வந்து மூன்று வருஷமாகிறது. அந்த நர்ஸ் ஊருக்குள்ளும் பேறு பார்க்கிறார், சேரிக்குள்ளும் பேறு பார்க்கிறார். அதுதான் அவர் செய்த குற்றம். சேரிக்குள் கால் வைத்த பொம்பளை எந்த வீட்டு வாசலை மிதித்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் மிதிக்க வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்துவிட்டது. தீண்டாமை குற்றம் என்று டில்லியில் சட்டம் போட்டிருக்கிறார்கள். அது கிருஷ்ணகிரி வரைக்கும் வந்து, மேலே போக பஸ் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்டது போலிருக்கிறது.

"நீங்கள் ஏன் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்கிறீர்கள்?" என்று ஒரு தடவை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஓய் வாத்தியாரே, உள்ள ஒரு பிள்ள உசிருக்குக் கெடந்து துடிக்கும். நான் வாசல்ல நின்னு சட்டம் பேசவா? பேசி முடிக்கிறதுக்குள்ள அவ செத்துருவா. ஊத்துன்னா ஊத்தித் தொலைக்கேன். இவனுவளுக்காவயா ஊத்துதேன்? உள்ள கெடக்கவளுக்காவ ஊத்துதேன்."

எங்கள் பக்கத்து மார்கழிக் குளிர் லேசுப்பட்டதல்ல. ராகித் தாளில் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் குளிரில் ஈரச் சேலையோடு அம்மாள் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் பேறு பார்ப்பார். பையில் மாற்றுச் சேலை உண்டு; மாற்றிக்கொள்ள ஒரு மறைவு தர ஊரில் எந்த வீட்டுக்கும் தோன்றியதில்லை. கார்த்திகையில் பிடிக்கிற இருமல் மாசி வரை அவரை விடாது. "நர்சம்மாவே சீக்காளி" என்று அதற்கும் ஒரு பேச்சு.

அவருக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். பனையும் தேரிச் செம்மணல் மேடும் உள்ள சீமை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். குட்டையான உருவம், அகலமான முகம், காதில் ஒன்றுமில்லை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறு சிலுவை. நடையில் எப்போதும் ஓட்டம் கலந்திருக்கும். ஊரிலிருந்து வருகிற கருப்பட்டியைத் தகர டின்னில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். காலையில் கருப்பட்டிக் காபி உள்ளே போகிற வரைக்கும் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. களி அவருக்கு ஆகாது. "மூணு வருசமா முழுங்கிப் பாக்கேன், தொண்டைக்குள்ள போயி அங்கனயே உக்காந்துக்கிடுது" என்பார்.

கல்யாணம் ஆகவில்லை. இதை ஊரால் ஜீரணிக்கவே முடியவில்லை. கிணற்றடியிலும் களத்து மேட்டிலும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இடத்திலும் இதே கேள்விதான். "ஏம்மா, உங்களுக்கு எத்தினி புள்ளைங்க?" இல்லை என்று சொன்னால், "பெறாதவங்களுக்குப் பேறு பாக்க எப்பிடித் தெரியும்?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். நர்சுக்கு வெள்ளைச் சேலைதான் உடுப்பு. அதனால் காலையில் எதிரே வந்தால் சகுனத்தடை. மாடு ஓட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிய கோவிந்தன் அவரைக் கண்டதும் மாட்டோடு வீட்டுக்குத் திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அன்று சாயங்காலமே அந்தக் கோவிந்தன் தன் மகளுக்கு வயிற்றுவலி என்று அம்மாளின் கதவைத் தட்டினான். அந்தக் கதவுக்கு அவர் உள்ளே இருக்கும்போதும் தாழ்ப்பாள் போட்டிருக்கும். போடாவிட்டால் யாராவது நேரே அடுப்பங்கரை வரைக்கும் வந்து சட்டியை எட்டிப் பார்த்து, "இன்னா கொழம்பு?" என்பார்கள்.

அடுத்த தொல்லை பாஷை. வீட்டில் தெலுங்கு, வயலில் தமிழ், எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்த வீடுகளில் கன்னடம். "எப்போ வலி எடுத்தது?" என்று அம்மாள் தமிழில் கேட்பார். மாமியாரும் நாத்தியும் தங்களுக்குள் தெலுங்கில் கலந்து பேசிவிட்டு, "இப்பத்தானுங்கம்மா" என்பார்கள். வலி எடுத்து ஒன்றரை நாள் ஆகியிருக்கும். மந்திரித்துப் பார்த்து, விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்து, ஒன்றும் ஆகாத பிறகுதான் ஆள் அனுப்பியிருப்பார்கள். "ஒங்க ஊர்க்காரனுவ தமிழ்ல கேட்டா தெலுங்குல யோசிச்சு கன்னடத்துல பொய் சொல்லுதானுவ" என்று என்னிடம் சீறுவார், நான் என்னவோ அவர்களுக்கு வக்கீல் மாதிரி.

கோபம் வந்தால் தெருவில் நின்றே திட்டுவார். "நாசமாப் போறவனுவளா, ஒரு பொம்பள கெடந்து சாவுதா, சோசியம் பாத்துக்கிட்டு இருந்தியளா?" என்று குரல் எடுத்தால் ஊரே கூடிவிடும். வெட்கப்பட்டுத் தலைகுனிவதற்காகக் கூடுவார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அந்தப் பேச்சின் இழுப்பு அவர்களுக்கு வேடிக்கை. "நர்சம்மா பாடுது வா" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள். அவர் திட்டி முடித்துப் போன பிறகு அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். ஒரு மனுஷியின் கோபத்தை இதைவிடக் கேவலமாக அவமதிக்க முடியாது. அவர் அழுதிருந்தாலாவது இரண்டு பேர் இரங்கியிருப்பார்கள். கோபப்பட்டால் கூத்துப் பார்க்கிறார்கள். எனக்கே சில சமயம் எவனையாவது பிடித்து அறையலாம் போலிருக்கும்.

இந்தத் தை மாதம் ஊரில் இரண்டு பெண்களுக்கு நாள் நெருங்கியிருந்தது. ஒருத்தி பெரிய வீட்டு நாராயணப்பனின் மருமகள் காவேரி. தலைப்பிரசவம், ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. இன்னொருத்தி சேரியில் முனிலட்சுமி. அவள் புருஷன் ராமப்பன் அதே பெரிய வீட்டில் பண்ணையாள். முனிலட்சுமியைச் சோதித்துப் பார்த்த அம்மாள் அன்றைக்கெல்லாம் முகம் சரியில்லாமல் இருந்தார். வயிற்றில் பிள்ளை தலை மேலும் கால் கீழுமாக இருந்தது. கைதேர்ந்தவர் பக்கத்தில் இருந்தால் எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் பிள்ளை மூச்சுத் திணறிப் போய்விடும். ராமப்பனை என் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்து அம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது. "மொத வலி எடுத்த ஒடனே ஓடி வரணும், கேட்டியா? நான் எங்க கெடந்தாலும் சரி. யாரு வீட்டுல இருந்தாலும் சரி. வாசல்ல நின்னு சத்தம் குடு, வந்துருவேன்."

ராமப்பன் தலையை ஆட்டினான். சத்தம் கொடுக்கிற வாசல் பெரிய வீட்டு வாசலாக இருந்துவிடும் என்று அப்போது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

இரண்டு பேருக்கும் வலி எடுத்த அன்று பார்த்து நான் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த பிறகு அம்மாளும் மற்றவர்களும் சொன்னதைத்தான் சொல்கிறேன். விடிந்ததுமே பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. அம்மாள் போய், வழக்கப்படி தண்ணீரை ஊற்றிக்கொண்டு காவேரியைப் பார்த்தார். லேசான வலிதான். "இதுக்குச் சாயங்காலமாவும், நான் போயிட்டு மத்தியானம் வாறேன்" என்று பையை எடுத்தார். காவேரியின் மாமியார் லட்சுமியம்மாள் விடவில்லை. "தலைச்சன் புள்ளைங்கம்மா. நீங்க இருந்தாத்தான் எங்களுக்குத் தைரியம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மாள் இருந்தார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நடுவில் இரண்டு தடவை, "சேரியில இருந்து யாரும் தேடி வந்தாவளா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு தடவையும் லட்சுமியம்மாள், "யாரும் வரலீங்களே" என்று சொல்லியிருக்கிறாள்.

ராமப்பன் காலையிலேயே வந்துவிட்டான். முன்வாசலுக்கு வர அவனுக்கு உரிமை இல்லை. பின்பக்கம் வைக்கோல் போருக்கு அந்தண்டை நின்று, மாட்டுத் தொழுவத்தில் இருந்த எல்லப்பனிடம் சொன்னான். எல்லப்பன் லட்சுமியம்மாளிடம் சொன்னான். "சரி, நிக்கச் சொல்லு" என்று உத்தரவாயிற்று. நர்சு சேரிக்குப் போய்விட்டால் வாரிசு பிறக்கிற நேரத்தில் தீட்டோடு திரும்பி வருவாளே என்பது அவள் கவலை. எத்தனை செம்பு ஊற்றினாலும் அன்றைக்கு மட்டும் அவளுக்குப் போதாது. ராமப்பன் நின்றான். அவனுக்கு நிற்கத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவன் பாட்டனும் அதே வைக்கோல் போருக்கு அந்தண்டைதான் நின்றிருப்பான்.

சாயங்காலம் காவேரிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அம்மாள் கை கழுவப் பின்பக்கம் வந்தபோது, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிற ராமப்பனைப் பார்த்தார்.

"எப்ப வந்தே?"

"காத்தாலயே வந்துட்டனுங்கம்மா. சொல்லி அனுப்பிச்சேன். நிக்கச் சொன்னாங்க."

அம்மாள் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினார். சேரியில் ராமப்பனின் தாய் சரசம்மா மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கால் இரண்டும் வெளியே வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தாயைப் பிழைக்க வைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. அதுவும் ஆண்பிள்ளைதான்.

நான் வந்தபோது அவர் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்னால் சேரியிலிருந்து நேரே ஊருக்குள் போய் நாராயணப்பனை மறித்து, "ஏன் எங்கிட்ட மறைச்சிய?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனுஷன் நிதானமாகப் பதில் சொன்னாராம். "அதுங்களுக்கு இதெல்லாம் பழக்கந்தாம்மா. வருசத்துக்கு ஒண்ணு பெத்துக்குவாங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கி வந்து எங்க புள்ளயக் குளிப்பாட்டி விடுங்க, மரியாதை செய்யணும்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. திட்டுனா சிரிப்பானுவ" என்றார். பிறகு, "காலையில இருந்து அந்த வீட்டுல சும்மா உக்காந்திருந்தேன் வாத்தியாரே. சும்மா" என்றார். அவர் குரலில் இழுப்பே இல்லை.

மறுநாள் அவர் போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். வாசலில் எப்போதும் போலத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உள்ளே போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டினார். காவேரி அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுங்கம்மா, சத்தியமா யாரும் சொல்லலீங்க" என்று அழுதாளாம். "உனக்கு எப்படித் தெரியும் தாயி. அழாத, பால் குடு" என்று சொல்லிவிட்டு, மாமியார் நீட்டிய தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார்.

என் பள்ளிக்கூடம் ஊர் முடிந்து சேரி தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாள் பையோடு முன்னால் வந்தார். பின்னாலேயே நாராயணப்பன் வேகமாக வந்தார். அவருக்குப் பின்னால் எல்லப்பன், தட்டில் புடவையும் வெற்றிலையும் வாழைப்பழமும் ஏந்திக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கக் கொஞ்சம் கூட்டம். "அம்மா, நில்லுங்க, வெறுங்கையோட போனா எங்க ஊட்டுக்கு ஆகாது" என்று நாராயணப்பன் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், புளியமரம் வந்ததும் நின்றுவிட்டார். அதற்கு மேல் சேரி. அவருக்குக் கால் வராது.

அம்மாள் மரத்தைத் தாண்டிப் போய் ராமப்பன் குடிசைக்கு முன்னால் நின்றார். உள்ளே போகவில்லை.

"சரசம்மா, ஒரு செம்பு தண்ணி கொண்டா" என்றார்.

சரசம்மா எட்டிப் பார்த்தாள். அழுது வீங்கிய கண். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஓடை மணலைத் தோண்டிக் கொண்டுவந்த தண்ணீரை அலுமினியச் செம்பில் மொண்டு வந்தாள்.

"குடிக்க இல்ல. தலையில ஊத்து. பெரிய வீட்டுல இருந்து வாறேன். அப்படியே உன் வாசல மிதிக்கப்படாது."

அவர் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் மரத்தடி வரைக்கும் கேட்டது. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"அய்யோ, நான் ஊத்தறதாங்கம்மா?" என்றாள் சரசம்மா. செம்பைக் கீழே வைக்கப் போனாள்.

"கீழ வைக்காத" என்றார் அம்மாள். பையைத் தரையில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

சரசம்மா புளியமரத்தடியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு செம்பை உயரத் தூக்கினாள்.