அத்தை முடிக்காத முகாம்

வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த மனைக்கல் ஒன்றின்மேல் உட்கார்ந்து அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். பத்திரம் பதிவாகும் முன்பே மனை வியாபாரி அவசரப்பட்டு நட்டுவிட்டுப் போன கல் அது. புளியமரங்களுக்கு நடுவே அப்படி வரிசை வரிசையாகக் கற்கள். "இத்தினி வருசமா குந்திக் குந்தி முட்டி தேஞ்சி போச்சி. நல்ல மனுசன், உக்காரக் கல்லு போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார். வெங்காயத் தோலையெல்லாம் யாரோ வீடு கட்டப்போகிற அந்த மனைக்குள்ளேயே கொட்டினார்.

வில்லியனூரைத் தாண்டி, ஆற்றோரம், கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் முகாம். இரண்டு ஏக்கர் புளியந்தோப்பு, ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு கிணறு, ஒரு சமையல் கொட்டகை. அவ்வளவுதான். ஒவ்வொரு மே மாதமும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் பத்து நாள் அங்கே தங்குவார்கள். அம்மன் கோயில் தெருப் பிள்ளைகளும் மாதா கோயில் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் படுத்து ஒரே கொசுவிடம் கடி வாங்குவோம். சமையல், என் அப்பாவின் தங்கையான அத்தை. கல்யாணமாகி மூன்றே வருடத்தில் மாமா போய்விட்டார், பிள்ளையும் இல்லை. மற்ற நாளெல்லாம் எங்கள் வீட்டில் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பவர், அந்தப் பத்து நாள் மட்டும் ராணி. கரண்டியைத் தூக்கினால் போலீஸ்காரர் பிள்ளைகூட வரிசையில் நிற்கும். முகாம் போய்விட்டால் அத்தைக்கு என்ன மிஞ்சும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது.

விற்க முடிவு செய்தவர் முகாம் குழுத் தலைவர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். கூரை ஒழுகியது, சுவர் விரிசல் விட்டிருந்தது. பிள்ளைகள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார்கள். யாருக்காக வைத்துக் காப்பது என்று அவர் கேட்டார். மனை வியாபாரியோ ஒரே ஒரு கெடு வைத்தார்: ஆடியில் பத்திரம் பதியமாட்டார்; ஆனிக்குள் முடியவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வார். தோப்பைத் தானம் கொடுத்த பெரியவரும் அந்தக் காலத்திலேயே ஒரு நிபந்தனை எழுதி வைத்திருந்தார். முகாம் நடந்துகொண்டிருக்கும்போது நிலத்தின்மேல் எந்தப் பேரமும் கூடாது. "கடைசியா ஒரு தடவ பத்து நாள் நடத்திக்குங்கம்மா. அப்புறம் பத்திரம்" என்றார் தலைவர். அத்தை பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் கொடியேற்றி, நிற்கிறவர்கள் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாசிப்போம். அத்தனை பேரும் மறுபடி ஒன்றாக நின்றால்தான் கொடியை இறக்கலாம். கொடி இறங்கினால்தான் முகாம் முடிந்தது. ஒருவர் குறைந்தால் கொடி மறுநாளைக்கு. ஒரு வருடம் அம்மை போட்ட ஒரு பையனுக்காக மூன்று நாள் கூடுதலாகக் காத்திருந்தார்களாம். அந்தப் பையன் வேறு யாருமில்லை, இந்தத் தலைவரேதான். அந்த மே மாதம் கொடியேற்றத்துக்கு வந்த பிள்ளைகள் முப்பது பேர். பரிமாறுவதற்காகத் திருபுவனை கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு நானும் போயிருந்தேன்; அத்தை பெயரும் என் பெயரும்கூட நோட்டில் ஏறின. வேடிக்கை பார்க்க வந்த தலைவரை அத்தை விடவில்லை. "நீங்களும் கவுத்துல ஒரு கை வெய்யுங்க தலைவரே" என்று கூப்பிட்டு, அவர் பெயரையும் நோட்டில் எழுத வைத்தார்.

பத்தாம் நாள் ஒரு சிறுமிக்குக் காய்ச்சல். சரி, மறுநாள். மறுநாள் ஒருவன் தேர் பார்க்க மாமா வீட்டுக்குப் போய்விட்டான். அதற்கடுத்த நாள் ஒருத்திக்குக் கடலூரில் காதுகுத்து. இன்னொருவன் காரணமே சொல்லாமல் புளியமரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். கீழே நாங்கள் அவனைத் தேடுவதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டிக்கொள்ளப் பார்த்தான். "இன்னிக்கி யாரு மொற?" என்று அத்தை சமையல் கொட்டகையில் தாய்மார்களிடம் மெதுவாகக் கேட்பதை நான் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே விளங்கியது. முறை வைத்து வராமல் இருந்தார்கள்! பள்ளிக்கூடம் திறந்தது. முகாம் சாயங்கால முகாமாக மாறியது. சுண்டலுக்கும் கபடிக்கும் வந்த பிள்ளைகள், தம்பி தங்கைகளையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். மனைக்கற்கள் ஸ்டம்பு ஆயின. எழுபது பிள்ளைகள் ஓடுகிற தோப்பில் கூரை ஒழுகுவதை யார் பார்ப்பது?

ஆனியின் கடைசி ஞாயிறு வந்தது. தலைவர் பொறுமை இழந்து மினி வேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நோட்டும் கையுமாக வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்தார். அத்தை அசரவில்லை. ஏனென்றால் அன்று வராமல் இருக்கவேண்டிய முறை என்னுடையது. நான் கம்பெனியில் பத்திரமாக இருப்பேன் என்று நம்பியிருந்தார். நான் என்ன செய்தேன்? மெஷின் ரிப்பேர் என்று கம்பெனியில் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். தலைவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில், பஸ் பிடித்து, குறுக்கு வரப்பில் ஓடிவந்து கூட்டத்தில் நின்றேன். முறை என்பதே மறந்துவிட்டது. தலைவர் என் பெயரை வாசித்தார். பத்து வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

"உள்ளேன் ஐயா!"

அத்தை என்னைப் பார்த்தார். "அடிப் பாவி" என்றார், அவ்வளவுதான். கரண்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கையைத் துடைத்த விதத்தில் எல்லாம் முடிந்துபோனது தெரிந்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பிள்ளைகளில் சிலர் அழத் தொடங்கினார்கள்.

தலைவர் வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொருவராக உள்ளேன் என்றார்கள். அத்தையும் சொன்னார். கடைசியில் ஒரே ஒரு பெயர் பாக்கி. தலைவர் தன் பெயரைத் தானே உரக்க வாசித்தார். பதில் இல்லை. மறுபடி வாசித்தார். பிறகு நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து, கேட்டைத் திறந்து வெளியே போய்ச் சாலையில் நின்றுகொண்டார்.

"அந்த ஆளு வரலபோலக் கீதே" என்றார் அங்கிருந்து. "வேன்ல வர்ற வழியெல்லாம் பாட்டு பாடுறானுங்கம்மா. நான் பாடுன அதே பாட்டு. இன்னா பண்ணச் சொல்ற என்னை?"

அத்தை சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "வெளிய நின்னா சோறு கெடையாது தலைவரே" என்று மட்டும் சொன்னார். வாழை இலையில் சோறும் சாம்பாரும் கேட்டுக்கு வெளியே போயிற்று. சாலையோரம் நின்றபடியே அவர் சாப்பிட்டார். நான்கு நாளில் ஆடி பிறந்தது. மனை வியாபாரி திருக்கனூர்ப் பக்கம் இடம் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கொடி இறங்கவே இல்லை. துணி கிழிந்தால் ஏணி போட்டு மேலேயே மாற்றுகிறோம். ஊர் கூடிக் கூரையைச் சரிசெய்தோம். ஒவ்வொரு மே மாதமும் புதுப் பிள்ளைகள் வருவார்கள். தலைவர் பழைய நோட்டை எடுத்துப் பெயர்களை வாசிப்பார். யாராவது ஒருவர் கட்டாயம் வராமல் இருப்பார். யார் முறை என்பதை அத்தைதான் முடிவு செய்வார்.

போன தை மாதம் அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். இந்த மே மாதம் முகாமுக்கு, நோட்டில் பெயருள்ள அத்தனை பேரும் வந்திருந்தோம். சிங்கப்பூரிலிருந்துகூட ஒருவன் வந்திருந்தான். முறை வைக்க ஆள் இல்லாததால் யாருக்கும் வராமல் இருக்கத் தோன்றவில்லை. தலைவர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். எல்லாரும் உள்ளேன் என்றோம். அத்தையின் பெயரை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்:

"ஒரு ஆள் குறையுது. கொடி நாளைக்கு. போய்ச் சாப்புடுங்கடா."