மாமாவின் வேர்ப் பொட்டலம்

மாமாவுக்கும் மாமிக்கும் கலியாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தார்கள். பெரிய டொக்டரைப் பார்க்க டெர்மின் கிடைக்க இன்னும் நாலு மாதம் என்றிருந்தபோது, மலேசியாவிலிருந்து மாமியின் பெரியம்மா ஒரு பொட்டலம் அனுப்பினார். உள்ளே சீவிய விறகு மாதிரி வேர்த் துண்டுகள். துங்காட் அலி என்று பெயர்; பிள்ளை வேண்டுகிற ஆண்களுக்கு அங்கே கொடுக்கிற மருந்து என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். அதை அவித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டுத்தான் மாமா தொழிற்சாலைக்குப் போவார்.

எட்டு வயதுக்காரி நான் விடுவேனா? என்ன மருந்து என்று கேட்டு அரித்தெடுத்தேன். நாரிப்பிடிப்புக்கு, இடுப்பு நோவுக்கு என்றார் மாமா. நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால் நிற்கிற மனிதர், நம்பிவிட்டேன். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சொக்லேட்டும் தந்தார். சொக்லேட் இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயிலில் பெயரும் நட்சத்திரமும் கேட்டு அர்ச்சனைத் துண்டு எழுதுபவரும் அவர்தான். யாருக்கு என்ன நட்சத்திரம் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சோபாவில் முனகிக்கொண்டே இருந்தார்.

"நாரி பிடிச்சுப்போட்டுது, தங்கச்சி. குனிய ஏலாது" என்றார் அம்மாவிடம்.

எனக்கு இரக்கம் பொங்கியது. மேலே ஓடி, மாமாவின் குசினியிலிருந்து பொட்டலத்தைத் தூக்கி வந்தேன்.

"இதை அவிச்சுக் குடியுங்கோ மாஸ்டர். மாமா ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர்!"

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டு, பொட்டலத்தில் எழுதியிருந்ததை ஆறுதலாக வாசித்தார். அம்மா சுவரைப் பார்த்தார். என்னைத் துரத்தி வந்த மாமா வாசலில் விறைத்து நின்றார். மாஸ்டர் வாய் திறந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மாமி பிறகு ஒரு கொண்டாட்டத்துக்கும் போகமாட்டார்.

"இது எனக்குச் சரிவராது, பிள்ளை" என்று பொட்டலத்தை மடித்தார் மாஸ்டர். "மாமாட்டையே குடுங்கோ. ஈரம் படாமல் வைக்கச் சொல்லுங்கோ."

நல்லது செய்யப் போனவளோடு மாமா ஒரு கிழமை பேசவில்லை. மாமி படியிறங்கவே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மாமியை அம்மா இழுத்துக்கொண்டுதான் போனார். அங்கே ஒருவரும் மாமியை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. மாஸ்டர் மூச்சே விட்டிருக்கவில்லை. அர்ச்சனை நேரம் அவரே ஒரு தட்டோடு முன்னால் போனார். ஐயர் மாமாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார், பிறகு மாமியுடையதை. மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார்.

நாரி நோவு மாஸ்டருக்கு, அர்ச்சனை இவர்களுக்கா? மனிதர் துண்டை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"அழாதேங்கோ மாமி" என்றேன். "மாஸ்டருக்கு வயது போட்டுது, அதுதான் பிழை விட்டிட்டார்."

மாமி அழுதுகொண்டே சிரித்து, என்னைத் தூக்கி இறுக்கி அணைத்தார். நான் சொன்ன ஆறுதலுக்காகத்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.