ஐந்தடி ஏறும் தண்ணீர்

அந்த மீன்தொட்டியை உள்ளே கொண்டுவர எங்கள் வீட்டு முன்கதவைக் கீலோடு கழற்ற வேண்டியிருந்தது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்த்த கம்பெனி புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, வரவேற்பறையில் இருந்த அந்தத் தொட்டியைச் சீந்துவார் இல்லை. “யாருக்காவது வேணுமா?” என்று மேனேஜர் சும்மா கேட்டு வைத்தார். யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டேன்.

தூக்கியது அக்காவுக்காக. ஒருமுறை என்னைக் கூட்டிப்போக ஆபீசுக்கு வந்தவள், நான் வேலை முடித்து இறங்கிவரும் வரை அந்தத் தொட்டியின் முன்னால் நின்றபடியே இருந்தாள். உட்காரச் சொல்லிக் காவலாளி நாலுமுறை கூப்பிட்டிருக்கிறார். அவளுக்குக் கேட்கவில்லை. மூன்று வயதில் வந்த காய்ச்சலோடு அவளுக்குக் காது போய்விட்டது. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மா, அவள், நான் மூன்று பேரும் கையால் பேசிக்கொள்வோம். எந்தப் பள்ளியிலும் கற்ற பாஷை இல்லை, நாங்களே உண்டாக்கிக்கொண்டது. அவள் கையால் சொன்னதை இங்கே பேச்சாகவே எழுதுகிறேன். எனக்கு அது எப்போதும் பேச்சாகத்தான் இருந்திருக்கிறது.

விவேக் நகரில் கீழ்த்தளத்தில் இரண்டு அறை வீடு. முன்னறையின் ஒரு சுவர் முழுவதையும் தொட்டி பிடித்துக்கொண்டது. அதற்கு மூன்றடி உயர இரும்பு ஸ்டாண்டு. ஸ்டாண்டின் அடியில் இன்னொரு சிறிய கண்ணாடிப் பெட்டி. மேல்தொட்டியின் தண்ணீர் வழிந்து கீழ்ப்பெட்டிக்கு வரும், அங்கே பஞ்சிலும் கூழாங்கல்லிலும் அழுக்கை விட்டுவிட்டு, பம்பு வழியாகத் திரும்ப மேலே ஏறும். ஆனால் அந்தப் பம்பை மட்டும் காணோம். ஆபீசில் தொட்டியைப் பராமரித்தவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கூடவே வந்த ஏழு தங்கமீன்கள் அம்மாவின் தண்ணீர் டிரம்மில் கிடந்தன. உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்த மீன்கள். டிரம்மில் அவை திரும்புவதற்கே வளைய வேண்டியிருந்தது.

“குழாயில ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி வருது. அதுல இதுங்களுக்கு வேற டிரம்மா?” என்றாள் அம்மா.

தொட்டியை நிரப்பவே ஒரு வாரமானது. அறுநூற்றைம்பது லிட்டர் பிடித்தது. நிரம்பியதும் அக்கா விளிம்பைத் தடவிப் பார்த்து, “இவ்வளவு தண்ணியையும் ஒரு மோட்டார் சுத்த வைக்குமா?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

மாடியில் குடியிருந்த எலெக்ட்ரீஷியன் அண்ணாதான் முதல் பம்பைக் கொண்டுவந்தார். ஏர்கூலரில் தண்ணீர் ஏற்றுகிற சின்ன மோட்டார். “இதுவே போதும்மா. மீனுக்கு என்ன பெருசா வேணும்?” என்று கீழ்ப்பெட்டியில் இறக்கி, குழாயை மேலே கட்டி, சுவிட்சைப் போட்டார். தண்ணீர் ஏறத்தான் செய்தது. நாலடி வரைக்கும் குழாயில் சுறுசுறுப்பாக வந்தது. அதற்கு மேல் தயங்கித் தயங்கி, கடைசியில் தொட்டிக்குள் நூல்போல விழுந்தது. விழுந்த இடத்தில் வட்டம்கூடச் சரியாகப் பரவவில்லை.

அக்கா கையைத் தண்ணீருக்குள் விட்டாள். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. “எறும்பு கடிக்குது. தண்ணிக்குள்ள எறும்பு.”

நான் சொன்னதும் அண்ணா சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து நுனியைத் தண்ணீரில் வைத்தார். அதனுள் இருந்த சிறு விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். மோட்டாரின் உறையில் எங்கேயோ விரிசல் இருந்து, கரண்ட் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றவள் தப்பியது எப்படி என்று இன்றும் விளங்கவில்லை. அண்ணாவுக்கு உட்காரவே முடியவில்லை. “மன்னிச்சிக்கம்மா, மன்னிச்சிக்கம்மா” என்று அக்காவைப் பார்த்து வாயசைத்துக்கொண்டே இருந்தார். அவள்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “நல்லதா ஒண்ணு பாக்கலாம். நீ வா, பேசுறதுக்கு.”

சிவாஜி நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மீன் கடை. உள்ளே இரண்டு பக்கமும் கூரை வரை தொட்டிகள். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், அடர்ந்த தாடி, வாய் நிறைய வெற்றிலை. தெரிந்தவர்களின் தமிழை அக்கா உதட்டசைவிலேயே பாதி பிடித்துவிடுவாள். அவருடைய உதடு தாடிக்குள் இருந்ததால் அன்று முழுக்க நான்தான் நடுவில் நின்று கையால் சொன்னேன்.

“எத்தனை அடி ஏறணும்?” இதுதான் அவருடைய முதல் கேள்வி. தொட்டியின் அளவைக் கேட்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“அஞ்சடி, பாய்.”

“ஹாங். அதைச் சொல்லுங்க. டப்பா மேல மூவாயிரம் லிட்டர்னு எழுதியிருப்பான். அது தரையில ஓடுற கணக்கு. அஞ்சடி ஏத்தினா மூச்சு வாங்கும். மனுஷன் மாடிப்படி ஏறுற மாதிரிதான்மா.”

மூன்று பம்புகளை எடுத்து வைத்தார். ஒரு பெரிய தொட்டியின் மீன்களை மட்டும் வேறிடம் மாற்றி, பம்பை அதில் இறக்கி, மேஜைமேல் ஸ்டூலைப் போட்டு, ஐந்தடி உயரத்தில் குழாயின் முனையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். நான் இருபது லிட்டர் வாளியோடும் கைக்கடிகாரத்தோடும் கீழே. முதல் பம்பில் வாளி நிரம்ப ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. இரண்டாவது வெளிநாட்டுப் பம்பு, வெள்ளையாக, சோப்புக் கட்டிபோல வழவழப்பாக இருந்தது. நாற்பது நொடியில் வாளி வழிந்தது. மூன்றாவது இங்கேயே யாரோ செய்த கறுப்புப் பம்பு. செங்கல் கனம். அதற்கும் நாற்பது நொடிதான். ஆனால் ‘உம்’ என்று ஒரு முனகல்.

“வெள்ளைதான் எடுத்துக்குங்க. ஏக்தம் சைலன்ட். பக்கத்துல படுத்தாக்கூடத் தெரியாது” என்றார் பாய்.

எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. காதைத் தொட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. வாங்கிவிடலாம் என்று திரும்பிச் சொன்னபோது அக்கா என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் விரித்து வைத்திருந்தாள்.

கண்ணைத் திறந்து, “மறுபடியும் கறுப்பைப் போடச் சொல்லு” என்றாள்.

போட்டார். தொட்டாள். “இப்ப வெள்ளை.” மாற்றினார். தொட்டாள். மறுபடி கறுப்பு. பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். சலிப்பை மறைக்கிற சிரிப்பு. கடையில் வேறு ஆட்களும் வரத் தொடங்கிவிட்டார்கள்.

“கறுப்பு நடுங்குது. ஆனா ஒரே மாதிரி நடுங்குது” என்றாள் அக்கா. “வெள்ளை கொஞ்சமாத்தான் நடுங்குது. ஆனா தடுக்கித் தடுக்கி ஓடுது. நொண்டுது. எங்க லைன்ல ஒரு மெஷின் இப்படித்தான் இருந்துச்சு. ஒரு மாசத்துல நின்னு போச்சு.”

நான் அதை அப்படியே சொன்னேன். பாயின் முகம் மாறியது. “சீல் உடைக்காத பெட்டிம்மா. உங்க முன்னாடிதானே கிழிச்சேன்?” என்றார். அக்கா விடவில்லை. அவருடைய கையை மணிக்கட்டோடு பிடித்து இழுத்துக் கண்ணாடியில் வைத்தாள். முன்பின் தெரியாத ஆளை அவள் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அவர் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியல” என்றார்.

அவர் நல்ல மனிதர். எங்களை அனுப்பிவிட்டு அந்தப் பம்பை வேறு யாருக்காவது விற்றிருக்கலாம். அப்படிச் செய்யாமல் பிளக்கை எடுத்துவிட்டு, பம்பைத் துடைத்து, முன்மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற சின்னச் சக்கரம் இருந்தது. அதை உருவினார். அதன் நடுவில் பல் குத்தும் குச்சியைவிடச் சற்றே தடித்த ஒரு வெள்ளைப் பீங்கான் அச்சு. அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பினார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். முனைக்குப் பக்கத்தில் மயிரிழைபோல ஒரு கீறல், அச்சைப் பாதி சுற்றி ஓடியிருந்தது. நகத்தால் அவர் லேசாக நெம்பியதும் முனை உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

வாயிலிருந்த வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். அக்காவுக்கு நேரே நின்று, உதடு தெரிகிற மாதிரி தாடியை ஒதுக்கிக்கொண்டு, நிதானமாகக் கேட்டார். “எப்படிம்மா?”

அவள் தோளைக் குலுக்கினாள். நான் இருபத்தைந்து வருஷம் ஒரே அறையில் அவளோடு படுத்து எழுந்திருக்கிறேன். அவளுக்கு எது கேட்காது என்பதை மட்டுமே கணக்கு வைத்திருந்தேன். நாங்கள் யாரும் எட்டிப்பார்க்காத ஓர் இடம் அவள் கைக்கு எட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

அக்காதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள். “மீனுக்குக் காது இருக்கா?”

பாய் எங்களை ஒரு பெரிய தங்கமீனின் முன்னால் கூட்டிப்போனார். “வெளியில காது கிடையாது. இங்க பாருங்க. செவுள்லேர்ந்து வால் வரைக்கும் புள்ளி புள்ளியா ஒரு கோடு போகுது பாருங்க. தண்ணி எங்க ஆடினாலும் இதுக்கு அந்தக் கோட்டுல தெரிஞ்சிடும். உடம்பாலேயே கேக்கும்.”

நான் கையால் சொல்லி முடித்தேன். அக்கா குனிந்து அந்தக் கோட்டையே பார்த்தாள். மீன் திரும்பியபோது அவளும் கூடவே நகர்ந்தாள். பிறகு நிமிர்ந்து, “அப்ப இதுங்களுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

கறுப்பையே வாங்கினோம். அண்ணாவை வைத்தே மாட்டினோம். இந்தமுறை அவர் டெஸ்டரால் தண்ணீரை எட்டு இடத்தில் தொட்டுப் பார்த்த பிறகுதான் எங்களைக் கிட்டே விட்டார். சுவிட்சைப் போட்டதும் வீடே ‘உம்’ என்றது. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். “இதுகூட எப்படித் தூங்குறது?”

அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஸ்டாண்டைத் தொட்டாள், கீழ்ப்பெட்டியைத் தொட்டாள், தரையில் உள்ளங்காலைப் பதித்துப் பார்த்தாள். “மோட்டார் கத்தல. பெட்டிதான் கத்துது.” மறுநாள் கார்மெண்ட்ஸில் மெஷின் காலுக்கு அடியில் வைக்கிற தடித்த ரப்பரில் மேஸ்திரியிடம் கேட்டு நாலு துண்டு வாங்கிவந்தாள். ஒன்றைப் பம்புக்கு அடியிலும் மற்றவற்றைப் பெட்டிக்கு அடியிலும் கொடுத்தாள். முனகல் அடங்கிப்போனது. எங்களுக்குக் கேட்கிற சத்தத்தை, அது கேட்காதவள் இடம் கண்டுபிடித்து நிறுத்தினாள். அம்மா அன்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு போடக்கூட மறந்துவிட்டாள்.

மீன்களை இறக்கினோம். முதலில் ஏழும் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தன. பிறகு ஒன்று மெல்ல நடுவுக்கு வந்தது. மேலே குழாயிலிருந்து தண்ணீர் கட்டைவிரல் தடிமனில் விழுந்து, தொட்டியின் நீளத்துக்கு ஓட்டமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டம் பட்டதும் மீன் முகத்தை அதற்கு எதிராகத் திருப்பியது. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஏழு மீன்களும் ஒரே திசையைப் பார்த்து, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் அசையாமல் நின்றன. ஆபீசில் இரண்டு வருஷம் தினம் அவற்றைக் கடந்து போயிருக்கிறேன். அப்படி நின்று பார்த்ததில்லை. அம்மா, “சாமி ஊர்வலத்துக்கு நிக்குற மாதிரி நிக்குதுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு பாய்க்குப் புதுச் சரக்கு வந்தால் என் ஆபீசுக்கு போன் வரும். “அக்காவைக் கூட்டிட்டு வர முடியுமா? ஸ்வல்ப நேரம்தான்.” ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். அக்கா வரிசையாகத் தொட்டுக்கொண்டே போவாள். நல்லதுக்குத் தலையசைப்பு, கெட்டதுக்கு உதட்டுப் பிதுக்கல். காலப்போக்கில் அவரும் கையால் நாலைந்து வார்த்தை பேசக் கற்றுக்கொண்டார். நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கலாம் என்றானது.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம். ஜன்னல் வெயிலில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். விளக்கு, ஃபேன் எதுவும் போடவில்லை. அடுப்படியில் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அக்கா, கத்தியைச் சட்டென்று கீழே வைத்து, உள்ளங்காலைத் தரையில் அழுத்திப் பார்த்துவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

“கரண்ட் போயிடுச்சு” என்றாள்.

நான் எழுந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். போயிருந்தது. அதற்குள் அவள் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு தொட்டியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறிவிட்டாள். தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றினாள், மீன்களுக்கு மூச்சுக் காற்று குறையாமல் இருக்க. நானும் ஒரு சொம்போடு மறுபக்கம் போய் நின்றேன். கரண்ட் வரும்வரை இரண்டு பேரும் மாறி மாறி ஊற்றினோம்.