எனக்கு மட்டும் திறந்த படலை

எங்கட ஊரில் கடல் எல்லாருக்கும் பொது. கடலில் இருந்து ரோட்டுக்கு வருகிற வழி மட்டும் ஒருவருக்குச் சொந்தம். வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம் அது. கரைக்கும் புத்தளம் ரோட்டுக்கும் நடுவில் ஒரே தென்னந்தோட்டம், அதற்குள்ளால் எங்கட ஆக்கள் காலங்காலமாக நடந்த பாதை. தோட்டத்து முதலாளி அதற்கு ஒரு படலை போட்டு, காவல்காரனையும் வைத்தார். மனுசர் போகலாம், மீன் சுமக்கிற ஓலைக் கடகம் போகக் கூடாது. மீனைப் படலையடியில் நிற்கிற அவருடைய ஆளுக்கு, அவன் சொல்கிற விலைக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் களப்புச் சேற்றோரமாகச் சுற்றிப் போக வேண்டும். அந்த வெயிலில் சுற்றிப் போனால் சந்தையைக் காணமுதல் சூடை மீன் வயிறு வெடித்துவிடும். மீன் விற்றுச் சீவித்தவள் நான், எனக்குத் தெரியாதா?

கிராமச் சபைக்கு வாக்கு வந்தபோது, படலையைத் திறப்பேன் என்று சொல்லி என்ட மனுசன் நின்றார். கரைவலை இழுக்கிற ஆள்தான், ஆனால் நல்லாக் கதைப்பார். கோயில் வளவில் அவர் கதைத்ததைக் கேட்டு எனக்கே மேல் புல்லரித்தது. முதலாளி அவருக்கு எதிராகத் தன் கணக்கப்பிள்ளையை நிறுத்தினார். தான் அடுத்த வட்டாரத்தில் போட்டி இல்லாமலே சபைக்குள்ளே போய்விட்டார். போகட்டுமே, நாங்கள்தானே கூடப் பேர் என்று ஊரெல்லாம் ஒரே கதை.

எங்கட பக்கம் அப்போது வாக்கென்றால் பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. பள்ளிக்கூட வளவில் கூடி நின்று கையை உயர்த்த வேண்டும், அரசாங்கக் கச்சேரியில் இருந்து வந்த உத்தியோகத்தர் எண்ணுவார். அவருக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு முதலாளி இருந்தார். எண்ணுகிற வேலை அவருக்கு இல்லை. யார் யார் கை உயர்கிறதென்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ட மனுசனின் பேரைச் சொன்னதும் பெண்கள் பக்கத்தில் முதல் கை என்னுடையது. அடுத்தது பக்கத்து வீட்டு மச்சாளுடையது. அவள் முதலாளியின் கொட்டிலில் தேங்காய்த் தும்பு அடிக்கிறவள். முதலாளி அவளையே பார்த்தார், ஆனாலும் அவள் கையை இறக்கவில்லை. பிறகு பார்த்தால் வளவு முழுக்கக் கை. கணக்கப்பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

மறுநாளே மச்சாளைக் கொட்டிலுக்கு வரவேண்டாம் என்றார்கள். அவள் அழவில்லை. படலை திறந்தால் நானும் உன்னோடு கடகம் தூக்குகிறேன் என்றாள். எங்கட பக்கத்து ஆக்கள்தான் சபையில் கூடப் பேர். இனி என்ன பயம் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் கூட்டத்துக்கு என்ட மனுசன் இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்து போனார். திரும்பி வந்தது முதலாளியின் காரில். சபைக்குத் தலைவர் தெரிவு நடந்ததாம், முதலாளியைத் தெரிந்தெடுத்தார்களாம். ஆர் தெரிந்தெடுத்தது என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றார். முதல் கை என்ட மனுசனுடையது என்று மற்ற அங்கத்தவர்களின் வீட்டாரிடம் பிறகு கேட்டு அறிந்தேன். நாங்கள் போட்ட வாக்குக்குப் பிறகு உள்ளே இன்னொரு வாக்கு இருக்கிறதென்று எங்களுக்கு ஆர் சொன்னது?

"அவரோட பகைச்சு என்னத்தைக் கண்டோம்? உள்ளுக்குள்ள இருந்து மெதுவாக் கேட்டு எடுக்கலாம்," என்றார்.

"நாங்க கை தூக்கினது உங்களுக்கா, அவருக்கா?"

அவர் கோட்டைக் கழற்றிக் கசங்காமல் மடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஊரே பயத்தை விழுங்கித் தூக்கிய கைகளை முதலாளி கொடுத்த ஒரு கதிரையும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் வாங்கிப்போட்டுதே! அடுத்த கூட்டத்தில் கேட்பேன் என்றார். அதற்கடுத்ததில் என்றார். பிறகு நான் கேட்டால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பத் தொடங்கினார்.

ஒரு நாள் கரைவலையில் நல்ல மீன் பட்டது. கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் மச்சாளும் மற்றப் பெண்களும் படலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் களப்பு வழியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். காவல்காரன் என்னைக் கண்டதும் எழும்பிப் படலையை விரியத் திறந்தான்.

"நீங்க போங்க அக்கா. உங்கட கடகத்தை மறிக்க வேண்டாமெண்டு முதலாளி ஐயா சொல்லியிருக்கார்."

படலைக்கு அந்தப் பக்கம் ரோடு தெரிந்தது. சாத்தடா அதை என்று சொல்லிவிட்டு நானும் களப்பு வழியில் இறங்கினேன். எட்டி நடந்து அவர்களைப் பிடித்தேன். அதுவரை கேட்ட கதையும் சிரிப்பும் நின்றுபோயின. மச்சாள் திரும்பிப் பார்த்தாள். கடகத்தைப் பிடித்தபடி பாதையை விட்டுச் சேற்றுக்குள் இறங்கி, முதலாளி வீட்டு அம்மாவுக்கு விலகுகிற மாதிரி, எனக்கு வழி விட்டாள்.